உலோக மேனிக்கு எந்த வர்ணம்?

(மாதிரி விமானம் செய்வோருக்கு ஒரு பாடம்)

அலுமினியத்தின் நிறம் என்ன என்று யாரேனும் கேட்டால், 'வெள்ளி நிறம்' என்று யோசியாமல் விடை கூறிவிடுவோம். மெருகேற்றிய அலுமினியத் தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு விடுதி வாசலுக்கு வாருங்கள். வானத்தை நோக்கிப் பிடித்தால் அது நீலம். புல்தரையை நோக்கிக் கவிழ்த்தால் பச்சை. செங்கற் சுவரின் பக்கம் திருப்பினால் சிவப்பு. மெருகிட்ட உலோகத்துக்குத் தனக்கென்று நிறம் மிகக் குறைவு. எதிரே இருப்பதன் நிறத்தையே அது வாங்கிக் காட்டுகிறது. முகம் பார்க்கும் கண்ணாடியின் குணம் அதற்கும் ஓரளவு உண்டு.

உலோக மேனியுள்ள மாதிரி விமானத்துக்கு எந்த வர்ணம் பூசலாம், எங்கே பட்டை தீட்டலாம் என்று நம் சங்க நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு விடை காண்பதற்கு முன் மேற்சொன்ன உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த மாதிரிக்கு முழுவதும் வர்ணம் பூசுகிறோம். அங்கே அழகு ஒன்றையே கருதினாலும் பெரிய தீங்கு இல்லை. உலோக மேனியிலோ, நாம் தீட்டும் ஒவ்வொரு பட்டையும் அந்தக் கண்ணாடியின் ஒரு பகுதியை மூடிவிடுகிறது. ஆதலால் 'எந்த வர்ணம் அழகு?' என்பது இங்கே இரண்டாவது கேள்வி. 'இந்த இடத்தில் வர்ணம் எதற்கு?' என்பதே முதற் கேள்வி. இக்கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியின் விரிவுதான்.

இதை நான் கற்றுக்கொண்டது நஷ்டப்பட்டுத்தான். நான் முதன்முதலில் உலோக மேனி போர்த்திய மாதிரி ஒரு முஸ்டாங் விமானம். இறக்கையின் நீளம் 1.4 மீட்டர். பால்சா மரத்தில் செய்து, மேலே மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டி, பஞ்சால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். அந்தப் பளபளப்பை மறைக்க மனம் வரவில்லை. உடலின் இருபுறமும் 6 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் இழுத்துவிட்டு, ஜனவரி மாதத்துக் காலை ஒன்றில் பறக்கவிட்டேன். வடநாட்டுக் குளிர்காலத்தின் பனிமூட்டம் அப்போதுதான் சற்றுக் கலைந்திருந்தது. வானம் வெளுத்த வேட்டியைப்போல் இருந்தது. சுமார் 150 மீட்டர் தூரத்தில் விமானம் திரும்பியது. அது என்னை நோக்கி வருவதாக நினைத்தேன். உண்மையில் அது என்னை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. மேற்புறம் எது, அடிப்புறம் எது என்றும் தெரியவில்லை. இடப்பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திருப்பினேன். கடுகு வயலில் போய் விழுந்தது. இரண்டு மாதத்து மாலைப்பொழுதுகளின் உழைப்பு நான்கு துண்டாகக் கிடந்தது.

இயந்திரத்தில் கோளாறு இல்லை. காற்றிலும் குற்றம் இல்லை. வெள்ளை வானத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு உலோகம் வானத்தோடு வானமாகக் கலந்துவிட்டது. அதைப் பிரித்துக் காட்ட வேண்டிய வர்ணத்தை நான் பூசவில்லை.

1. மெய்யான விமானங்கள் வர்ணத்தை ஏன் களைந்தன?

அலுமினியம் தனியாக மென்மையானது. அதனோடு செம்பு முதலியவற்றைச் சிறிதளவு சேர்த்து, சூடாக்கிக் குளிரவைத்துச் சில நாள் வைத்திருந்தால் அது உறுதிப்படுகிறது என்பதை ஜெர்மனியில் ஆல்பிரட் வில்ம் என்ற அறிஞர் 1906-ஆம் ஆண்டை ஒட்டிக் கண்டறிந்தார். அதுவே டூராலுமின். உறுதி மிகுந்த இந்தக் கலப்பு உலோகத்துக்கு ஒரு குறையும் உண்டு. ஈரக் காற்றிலும் உப்புக் காற்றிலும் எளிதில் அரிக்கப்படும். அதன் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வையாகச் சேர்த்து உருட்டும் முறை 1920-களில் அமெரிக்காவில் வந்தது. அவ்வாறு செய்த தகட்டுக்கு ஆல்கிளாட் என்று பெயர். தூய அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் ஓர் ஆக்சைடுப் படலத்தை உண்டாக்கிக்கொண்டு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். ஆகவே விமானம் வர்ணமின்றி வெயிலிலும் மழையிலும் நிற்க முடிந்தது.

இரண்டாம் உலகப் போரின் முற்பகுதியில் அமெரிக்க இராணுவ விமானங்கள் மேலே மங்கிய பச்சையும் கீழே சாம்பலும் பூசியே வெளிவந்தன. 1944-இல் இவ்வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. வர்ணத்துக்கும் எடை உண்டு. எடை குறைந்தால் வேகம் சற்றுக் கூடும். தொழிற்சாலையில் வேலையும் மிச்சம். மேலும், வானத்தில் நேச நாடுகளின் கை ஓங்கிவிட்டபடியால் தரையில் ஒளித்துவைக்க வேண்டிய தேவையும் குறைந்துவிட்டது.

வர்ணம் முழுவதும் போனபின் என்ன நடந்தது? சிறு சிறு பகுதிகளாக அது திரும்பி வந்தது! ஒவ்வொரு பகுதியும் ஒரு காரணத்தோடு வந்தது. நமக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது.

2. முஸ்டாங் விமானத்திடம் கற்பவை

பி-51 டி என்னும் முஸ்டாங் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் மேனியில் நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, விமானியின் முன்னே நீண்டிருக்கும் மூக்கின் மேற்புறம். அங்கே மங்கிய பச்சை வர்ணம் பூசியிருப்பார்கள். பளபளக்கும் உலோகத்தில் பட்ட வெயில் விமானியின் கண்ணைக் கூசச் செய்யும். அதைத் தடுக்கவே இது. இந்த இடத்தில் பளபளப்பான பச்சையைப் பூசுகிறவர் காரணத்தை மறந்தவர். இது முழுவதும் ஒளி மங்கிய பூச்சாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது, இறக்கை. 'உலோக மேனி' என்று நாம் நினைக்கும் முஸ்டாங்கின் இறக்கை மெய்யாகவே வெறும் உலோகம் அன்று! காற்று வழுக்கிச் செல்லும்படி வகுக்கப்பட்ட இறக்கை அது. தறையாணித் தலைகளும் தகட்டுப் பொருத்துகளும் காற்றோட்டத்தைக் கெடுக்கும். ஆதலால் தொழிற்சாலையில் இறக்கையின் முன்பகுதியில், அகலத்தில் சுமார் 40 சதவீதம் வரை, மக்கு இட்டு நிரப்பி, தேய்த்து, மேலே வெள்ளி வர்ணம் பூசினார்கள். எனவே உடல் உலோகமாகப் பளபளக்கும். இறக்கை ஒரே சீரான, சற்று மங்கிய சாம்பல் வெள்ளியாக இருக்கும். இறக்கை முழுவதும் தகட்டுக் கோடுகளையும் ஆணிகளையும் அழுத்தமாகக் காட்டும் மாதிரிகள் மிக அழகாக இருக்கலாம். ஆனால் அவை தொழிற்சாலையிலிருந்து வந்த முஸ்டாங் அல்ல.

மூன்றாவது, மூக்கும் வாலும். முஸ்டாங்கைச் சில கோணங்களிற் பார்த்தால் ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 போலத் தோன்றும். தன் பக்கத்துப் பீரங்கியே தன்னைச் சுட்டுவிடலாம். ஆகவே அடையாளப் பட்டைகள் இட்டார்கள். பச்சை பூசிய விமானங்களில் இந்தப் பட்டை வெள்ளை. வெறும் உலோக விமானங்களில் அதே பட்டை கறுப்பு. உலோகத்தின்மேல் வெள்ளை எடுபடாது என்பதைப் போர்க்களத்திலேயே உணர்ந்துகொண்டார்கள் என்க. பிறகு ஒவ்வொரு படைப்பிரிவும் தனக்கென ஒரு மூக்கு வர்ணம் கொண்டது. இங்கிலாந்தில் டெப்டன் தளத்து 4-ஆம் பிரிவுக்குச் சிவப்பு. போட்னி தளத்து 352-ஆம் பிரிவுக்கு நீலம். டக்ஸ்போர்ட் தளத்து 78-ஆம் பிரிவுக்குக் கறுப்பும் வெள்ளையுமான சதுரங்கக் கட்டங்கள். இத்தாலியிலிருந்து பறந்த 332-ஆம் பிரிவு வால் முழுவதையும் சிவப்பாக்கிக்கொண்டது. இப்பிரிவின் விமானிகள் கறுப்பினத்து அமெரிக்கர்கள். தம் நாட்டுப் படைக்குள்ளேயே நிறத்தின் பேரால் ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள். குண்டுவீச்சு விமானங்களில் இருந்தவர்கள், தங்களைக் காக்க வருவோரை அந்தச் சிவப்பு வாலைக் கொண்டே தூரத்தில் அறிந்துகொண்டார்கள்.

நான்காவது, நார்மண்டிப் பட்டைகள். 1944 ஜூன் 6-ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் கரையில் இறங்கின. அன்று வானத்தில் நண்பர் யார், பகைவர் யார் என்ற குழப்பம் நேராதிருக்க, இறக்கைகளிலும் உடலின் பின்பகுதியிலும் வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என ஐந்து பட்டைகள் தீட்டினார்கள். ஒற்றை இயந்திர விமானங்களில் பட்டை ஒவ்வொன்றின் அகலம் 18 அங்குலம். இரகசியம் வெளிப்படாதிருக்கக் கடைசி நேரத்தில் அவசர அவசரமாகப் பூசினமையால், பல விமானங்களில் ஓரங்கள் கோணலாகவும் தூரிகைச் சுவடு தெரியும்படியும் இருந்தன. சில வாரங்களில் மேற்பரப்புப் பட்டைகளை அழித்துவிட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் மற்றவையும் பெரும்பாலும் மறைந்தன.

வர்ணத்துக்குக் காரணம் இருப்பதுபோல் காலமும் இடமும் உண்டு என்பது இதனால் விளங்கும். இத்தாலியில் இருந்த சிவப்பு வால் விமானத்தின்மேல் நார்மண்டிப் பட்டைகளைத் தீட்டினால் பொருந்தாது. 78-ஆம் பிரிவு முஸ்டாங்குக்கு மாறியதே 1944-இன் இறுதியில்தான். ஆதலால் சதுரங்கக் கட்ட மூக்கும் ஐந்து பட்டைகளும் ஒரே முஸ்டாங்கில் முழுமையாகச் சேர்வதும் தவறு. அழகானவற்றையெல்லாம் ஒரே மேனியில் ஏற்றிவிடும் ஆசைதான் நம்மில் பலரை வழுக்கி விழச் செய்கிறது. ஒரு விமானம், ஒரு மாதம், ஒரு புகைப்படம் என்று வரையறுத்துக்கொள்வது நல்லது. அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது பலமுறை மறுபூச்சுக் கண்டிருக்கலாம். அக்காலத்துப் புகைப்படமே மேலான சான்று.

3. வெள்ளி என்பது ஒரு நிறம் அன்று

பழைய டகோட்டா விமானத்தைப் பாருங்கள். அதன் உடலும் இறக்கையும் உலோகம். ஆனால் வாலின் அசையும் பகுதிகளும் இறக்கையின் அசையும் பகுதிகளிற் சிலவும் துணி போர்த்தியவை. அத்துணியின்மேல் அலுமினியத் தூள் கலந்த பூச்சு பூசுவார்கள். அது பளபளக்காது. இறக்கையின் முன் விளிம்பில் தெரியும் கறுப்புப் பட்டை வர்ணமே அன்று. உறைபனியை உடைத்துத் தள்ளும் ரப்பர் உறை அது. புகைபோக்கியை ஒட்டிய எஃகுத் தகடுகள் சூட்டினால் பழுப்பும் நீலமும் ஓடியிருக்கும். இத்தனையையும் ஒரே வெள்ளி வர்ணத்தால் பூசிவிட்டால், விமானம் ஈயப் பாத்திரம்போல் ஆகிவிடும்.

ஆகவே பட்டை தீட்டுவதற்கு முன்னரே பாதி வேலை முடிந்துவிடுகிறது. மூன்று வகை வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள்: உடலுக்குப் பளபளப்பானது, துணிப் பகுதிகளுக்கும் பூசிய இறக்கைக்கும் மங்கியது, சூடு படும் இடங்களுக்குச் சற்றுக் கறுத்தது. இந்த மூன்றும் அளவோடு அமைந்துவிட்டால், வேறு வர்ணம் மிகக் குறைவாகவே வேண்டியிருக்கும்.

பயணி விமானங்களில் காரணங்கள் வேறு. உலோக மேனிக்கு மேலே கூரையை மட்டும் வெள்ளையாக்கியதன் நோக்கம், தரையில் நிற்கும்போது வெயிலின் சூடு உள்ளே இறங்காதிருக்க வேண்டும் என்பது. சன்னல் வரிசையை ஊடுருவிச் செல்லும் நீண்ட பட்டை, வரிசையாக உள்ள துளைகளைக் கண்ணுக்கு ஒரே கோடாக இணைத்துக் காட்டும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தார் பல பத்தாண்டுகளாக வெறும் உலோக மேனியில் சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகள் தீட்டி வந்தார்கள். 2013-இல் அதனை விட்டு வெள்ளி வர்ணத்துக்கு மாறினார்கள். புதிய போயிங் 787 விமானத்தின் உடல் கரிய இழைக் கலப்புப் பொருளால் ஆனது. அதை எவ்வளவு தேய்த்தாலும் உலோகம்போல் மின்னாது அன்றோ? உலோகம் போனபோது உலோகத்தின் அழகை வர்ணத்தால் ஈடுசெய்ய வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. 1963 முதல் நம் விமானப் படைக்கு வந்த மிக்-21 விமானங்கள் வெறும் உலோக மேனியோடு பறந்தன. 1971 போர்க் காலத்தில் பலவற்றின்மேல் பச்சையும் பழுப்பும் அவசரமாகப் பூசப்பட்டன; படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு அவை வேறுபட்டன. உலோக மேனி மிக்-21 ஒன்றை மேசைமேல் வைக்க விரும்புவோர்க்குக் காவியும் வெள்ளையும் பச்சையுமான நம் வட்ட அடையாளமே போதிய அணிகலன். உலோகத்தின்மேல் அந்த வெளி வளையத்துக் காவி எவ்வளவு தெளிவாக எழுகிறது என்பதைப் பார்த்தால், வேறு பட்டை வேண்டும் என்ற எண்ணமே வராது.

4. பட்டையின் அகலம்: ஒரு சிறு கணக்கு

நல்ல கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் சுமார் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டர் தூரத்தில் அக்கோணத்துக்கு உரிய அகலம் 29 மில்லிமீட்டர். அதற்கும் குறைந்த பட்டை அத்தூரத்தில் பட்டையாகத் தெரியாது. பக்கத்து நிறத்தோடு கலந்துவிடும். என்னுடைய 6 மில்லிமீட்டர்ச் சிவப்புக் கோட்டை இக்கணக்கில் இட்டுப் பார்த்தேன். 20 மீட்டருக்கு அப்பால் அது இல்லாததற்குச் சமம். விமானமோ 150 மீட்டரில் இருந்தது!

மெய்யான நார்மண்டிப் பட்டையின் அகலம் 457 மில்லிமீட்டர். அதே கணக்கின்படி அது ஒன்றரைக் கிலோமீட்டர் வரை தெரியும். கீழே கப்பலிலும் கரையிலும் பீரங்கியோடு நிற்பவன் தீர்மானிக்க வேண்டிய தூரம் அது. அழகுக்காக எழுந்த அகலம் அன்று அது; உயிருக்காக எழுந்தது.

பறக்கும் மாதிரிக்கு ஓர் எளிய விதி கூறலாம். இருமடங்கு பாதுகாப்பு வைத்துக்கொண்டால், பறக்கும் தூரத்தை மீட்டரில் எடுத்து 0.6 ஆல் பெருக்குங்கள். வருவதே மில்லிமீட்டரில் பட்டையின் அகலம். 100 மீட்டருக்கு 60. 150 மீட்டருக்கு 90.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தூரம் கூடக்கூட முதலில் மறைவது நிறம். வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேற்றுமை கடைசி வரை நிற்கும். மேலே சிவப்பு, கீழே நீலம் என்று பூசினால் தூரத்தில் இரண்டும் ஒரே கருமையாகத் தெரியும். ஆகவே மேற்புறமும் அடிப்புறமும் நிறத்தால் மட்டும் வேறுபட்டால் போதாது. வடிவத்தால் வேறுபட வேண்டும். மேலே நீளவாக்கில் இருந்தால், கீழே குறுக்கே பட்டைகள் இருக்கட்டும்.

மேசைமேல் வைக்கும் மாதிரிக்குக் கணக்கு வேறு. 72-இல் ஒரு பங்கான மாதிரியில் 18 அங்குலப் பட்டை 6.35 மில்லிமீட்டர், 48-இல் ஒரு பங்கில் 9.5 மில்லிமீட்டர். அங்கே அளவு தவறாமை ஒன்றே விதி.

5. உலோகத்தோடு சேரும் நிறங்கள்

கறுப்பு, கடுஞ்சிவப்பு, கருநீலம், அடர்பச்சை ஆகியவை உலோகத்தின்மேல் எந்த வெளிச்சத்திலும் எடுபடும். வெள்ளையும் வெளிர் சாம்பலும் எடுபடா. உலோகமே அவற்றைவிட அதிகமாக மின்னிவிடும். அவற்றைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமானால் பக்கத்தில் கறுப்பை நிறுத்துங்கள். மஞ்சள் தனியே நின்றால் அழுக்குப் படிந்ததுபோல் தோன்றும். கறுப்பு ஓரம் கொடுத்தால் உயிர் பெறும். நிறங்களின் எண்ணிக்கை, கண் கூசாதிருக்கப் பூசும் பச்சை நீங்கலாக, இரண்டைத் தாண்டாதிருப்பது நல்லது. மூன்றாவது நிறம் வரும்போது உலோகம் பின்னுக்குப் போய்விடுகிறது.

6. செய்முறை

உலோக மேனி பெற மூன்று வழிகள் உண்டு.

(அ) வர்ணம். சிறிய பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு இதுவே எளிது. மேற்பரப்பை 1500 முதல் 2000 எண் வரையுள்ள நீர் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். உலோகப் பூச்சு எதையும் மறைக்காது. நகக் கீறலைக்கூடப் பறைசாற்றும். பளபளப்பான கறுப்பை அடிப்பூச்சாகக் கொடுத்து நன்றாக உலரவிட்டு, அதன்மேல் உலோகப் பூச்சை மெல்லிய தூவலாகத் தூவுங்கள். அடியிலுள்ள கறுப்பே பின்னர் மின்னலுக்கு ஆழம் தருகிறது.

(ஆ) அலுமினியத் தாள். சமையலறையில் உணவு சுற்றும் தாளே போதும். மெல்லிய பசை தடவி, ஒவ்வொரு தகட்டின் எல்லைக்கேற்ப வெட்டி ஒட்டி, பஞ்சால் உள்ளிருந்து வெளியே தேய்க்க வேண்டும். அடுத்தடுத்த துண்டுகளைத் தேய்க்கும் திசையை மாற்றினால், தகட்டுக்குத் தகடு ஒளி வேறுபடும். மெய்யான விமானத்தின் தோற்றம் வந்துவிடும்.

(இ) அச்சுத் தகடு. ஆப்செட் அச்சகங்களில் ஒருமுறை பயன்படுத்திக் கழித்த அலுமினியத் தகடுகள் மலிவாகக் கிடைக்கும். பெரிய மாதிரிகளுக்கு இது சிறந்தது. எழுத்து உள்ள பக்கம் சொரசொரப்பானது. பின்பக்கமே வெளியே வர வேண்டும். வளைவுகளில் படிய வேண்டுமானால், தகட்டின்மேல் சோப்புக் கட்டியைத் தேய்த்து, பின்புறமிருந்து மெதுவாகச் சூடாக்குங்கள். சோப்பு கறுக்கும்போது நிறுத்துங்கள். தகடு மென்மையாகி இருக்கும். அதற்கு மேல் சூடு ஏற்றினால் தகடு உருகிக் கெடும்.

எடையை மறந்துவிடக் கூடாது. 0.2 மில்லிமீட்டர்த் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 540 கிராம். 0.015 மில்லிமீட்டர்த் தாள் சுமார் 40 கிராம்தான். 1.4 மீட்டர் முஸ்டாங்கின் இறக்கைக்கு மட்டும், இருபுறமும் சேர்த்துத் தாளானால் 28 கிராம். தகடானால் 370 கிராம். என் மாதிரிக்குத் தாளைத் தேர்ந்தது இதனாலேயே. உலோக உறை வானொலி அலையைத் தடுக்கும் என்பதையும் பறக்கவிடுவோர் நினைவில் வைக்க வேண்டும். அலை வாங்கும் கம்பியை விமானியின் கண்ணாடிக் கூண்டுக்குக் கீழே, உலோகம் இல்லாத இடத்தில் வையுங்கள். தூரச் சோதனை செய்த பின்னரே பறக்கவிடுங்கள்.

இனிப் பட்டை தீட்டுதல். உலோகப் பூச்சு மென்மையானது. அதன்மேல் ஒட்டுநாடா ஒட்டி எடுத்தால் பூச்சும் உரிந்து வரும். ஆகவே வர்ணத்தால் செய்யும் மாதிரியில் முதலில் சிவப்பு, கறுப்புப் பட்டைகளைத் தீட்டி, உலர்ந்தபின் அவற்றை நாடாவால் மூடி, அப்புறம் உலோகப் பூச்சைத் தூவுவதே பாதுகாப்பு. தாளும் தகடுமானால் இம்முறை தலைகீழ். உலோகம் முதலில், பட்டை வரும் இடத்தை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் மங்கச் செய்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, உலோகத்துக்குரிய அரிப்புப் பிரைமர் பூசி, பிறகு வர்ணம். பிரைமர் இல்லாத வர்ணம் ஒரு மாதத்தில் தோல் உரிவதுபோல் உரிந்துவிடும்.

நாடாவை ஒட்டுவதற்கு முன் உள்ளங்கையில் இரண்டு மூன்று முறை ஒட்டி எடுத்து, அதன் பிடிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். வர்ணம் முற்றும் இறுகுவதற்கு முன், நாடாவைத் தன்மேலேயே மடித்தாற்போல் மெதுவாக இழுத்து எடுங்கள். ஒட்டு அடையாளங்களில் எழுத்தைச் சுற்றியுள்ள தெளிந்த படலத்தைக் கூடியவரை வெட்டிவிடுங்கள். உலோகத்தின்மேல் அப்படலம் மங்கிய திட்டாகத் தெரியும். கடைசியாக, வேலை முடிந்த மகிழ்ச்சியில் முழுவதும் வார்னிஷ் பூசிவிடாதீர்கள். பல வார்னிஷ்களுக்கு அடியில் உலோகம் வெறும் சாம்பல் வர்ணமாகிவிடும். பட்டைகளின்மேல் மட்டும் பூசினால் போதும்.

7. மீண்டும் அந்த முஸ்டாங்

உடைந்த விமானத்தை ஒட்டிச் சேர்த்தேன். இம்முறை 1944-ஆம் ஆண்டின் கோடைக்காலத்தைத் தேர்ந்தேன். மேற்பரப்புப் பட்டைகளை அழித்துவிட்டு அடிப்பரப்பில் மட்டும் விட்டிருந்த காலம் அது. மூக்கு 4-ஆம் பிரிவின் சிவப்பு. அடியில் அந்த ஐந்து பட்டைகள். 8-இல் ஒரு பங்கான இந்த மாதிரியில் பட்டை ஒவ்வொன்றும் 57 மில்லிமீட்டர். என் விதிப்படி 95 மீட்டர் வரை தாராளமாகத் தெரியும். அதைத் தாண்டி அனுப்புவதில்லை என்று உறுதி செய்துகொண்டேன். மேற்புறம் உலோகம் முழுவதும் எனக்கே மிஞ்சியது. அடிப்புறம் கறுப்புக் குறுக்குப் பட்டைகள். எது மேல், எது கீழ், எது முன், எது பின் என்ற ஐயமே இல்லை. வரலாற்றில் உண்மையாக இருந்த திட்டமே என் கண்ணுக்கும் உகந்ததாக அமைந்தது தற்செயல் அன்று. அன்று அதைத் தீட்டியவர்களும் தூரத்திலிருந்து பார்ப்பவனின் கண்ணை எண்ணியே தீட்டினார்கள்.

பூசுவதற்கு முன் செய்யவேண்டிய ஒரு சோதனை உண்டு. பட்டைகளைக் கறுப்புத் தாளில் வெட்டி, விமானத்தின்மேல் தற்காலிகமாக ஒட்டி, விளையாட்டு மைதானத்தின் ஒரு கோடியில் நண்பர் ஒருவரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் மறுகோடியில் நின்று கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். அவர் விமானத்தைத் திருப்பத் திருப்ப, மேற்புறமா அடிப்புறமா என்று உடனே சொல்ல முடிகிறதா? முடிந்தால் வர்ண டப்பாவைத் திறக்கலாம். முடியாவிட்டால் தாளை மாற்றி வெட்டுங்கள். தாளுக்குச் செலவு இல்லை.

தூரிகையைக் கையில் எடுக்கும்போது தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை:

இந்தப் பட்டை யாருடைய கண்ணுக்காக? விமானிக்கா, நண்பனுக்கா, தரையில் நிற்கும் எனக்கா?

இது எந்த ஆண்டு, எந்தத் தளத்துக்கு உரியது?

எவ்வளவு தூரத்திலிருந்து இது தெரிய வேண்டும்?

இதை எடுத்துவிட்டால் எதுவும் குறையுமா?

கடைசிக் கேள்விக்கு 'ஒன்றும் குறையாது' என்பது விடையானால், தூரிகையைக் கழுவி வைத்துவிடலாம். அங்கே உலோகம் உலோகமாகவே இருக்கட்டும். நன்றாகப் பளபளக்கட்டும்.